முப்பத்தொண்ணாவது பீஸ்

சார், மொதல்லயே ஒண்ணு சொல்லிடறேன். பேய், ஆவின்னு எவனாவது ஆரம்பிச்சா மூஞ்சி மேலயே சிரிச்சுட்டு எழுந்து போற ஆளு நான். எங்க பிள்ளைப்பாக்கத்துல ஏரி மதகுகிட்ட எதோ கீதுன்னு பாதி ஊரு அந்தப் பக்கமே போவாது, நான் அங்கதான் வண்டிய சாத்திட்டு கம்பெனி பஸ்ஸு ஏறுவேன். டிப்ளமா எலக்ட்ரானிக்ஸ் படிச்சிட்டு பதினாறு வருஷமா ஒரகடத்துல ஒரே கம்பெனியில டெஸ்டிங்ல கீறேன், எனக்கு வோல்டேஜ் தெரியும், எர்த் தெரியும், அதுக்கு மேல ஒண்ணும் இல்லன்னுதான் நெனச்சுகினு இருந்தேன். நீங்க பி.இ. படிச்சவரு, நம்பமாட்டீங்க. நம்பாட்டி போங்க, பரவால்ல. ஆனா நடுவுல நிறுத்தாதீங்க, நிறுத்தினா மறுபடி ஆரம்பிக்க எனக்கு மூஞ்சி இருக்காது. இதுல பயம் கொஞ்சம்தான் சார், அசிங்கம்தான் ஜாஸ்தி, அந்த அசிங்கம் மொத்தமும் என்னோடது.

எங்க டெஸ்ட் ரூம்ல ஒரு டப்பா கீது. கரண்ட் ஏறி எறங்கறத அலையா வரைஞ்சு காட்டற ஆசிலோஸ்கோப்புதான், ஆனா இப்ப வர மாதிரி கையில புடிக்கிற சமாச்சாரம் இல்ல, அதுக்குன்னு தனியா திரையும் கெடையாது. வூட்ல ஃபிரிட்ஜுக்கு வெக்கிற ஸ்டெபிலைசர் சைஸுல கறுப்பா ஒரு பொட்டி, முன்னாடி வயர் சொருவ ரெண்டு ஓட்டை, பின்னாடி கட்டைவெரல் தண்டிக்கு ஒரு கேபிள், அந்த கேபிளு போயி ஒரு ஆதி காலத்து கம்ப்யூட்டர்ல சொருவிகினு இருக்கும். அலை எல்லாம் அந்த கம்ப்யூட்டர் மானிட்டர்லதான் தெரியும், அது பழைய டிவி மாதிரி முதுக தள்ளிகினு பாதி டேபிள அடைச்சுகினு இருக்கும். அந்த சாஃப்ட்வேரு வேற எந்த மெஷின்லயும் ஓடாது. அப்ப தூக்கிப் போட வேண்டியதுதானேன்னு கேப்பீங்க. ஒரு பழைய மாடல் லாரிக்கு சக்கரத்துல மாட்டற சென்சார் நாங்க பண்றோம், பிரேக்குக்கு, சக்கரம் இன்னா வேகத்துல சுத்துதுன்னு சொல்றது. அத இந்த டப்பாலதான் டெஸ்ட் பண்ணணும்னு கஸ்டமர் எந்தக் காலத்துலயோ கையெழுத்து போட்டுட்டான். மாத்தணும்னா மறுபடி அப்ரூவல், ஆடிட்டு, ஆயிரம் பேப்பரு. அதுக்கு பயந்துகினு ஒருத்தரும் அதுமேல கைய வெக்கல.

வேலை ஒண்ணும் கஷ்டம் இல்ல. பல்லு வெச்ச சக்கரம் ஒண்ணு மோட்டார்ல சுத்தும், சென்சார அதுகிட்ட வெச்சு, அதோட பின்ல டப்பாவோட வயர் நுனியில இருக்கற முள்ள வெச்சா திரையில அலை ஏறி எறங்கும். உயரம் சரியா இருந்தா ஓகே. கீபோர்டுல ஒரு தட்டு தட்டினா அந்த அலைய படமா புடிச்சு, சீரியல் நம்பர் போட்டு, பிரிண்ட் பண்ணிடும். அந்த பிரிண்ட்டு பீஸோட கூடவே கஸ்டமருக்குப் போவணும்.

அந்த டேபிள்ல ஜெசிந்தான்னு ஒரு பொண்ணு இருந்துச்சு. தூத்துக்குடி பக்கம், வேதக்கார கிறிஸ்டியன் குடும்பம், காண்ட்ராக்ட்ல வந்த பொண்ணு. இருங்காட்டுக்கோட்டையில நாலு பொண்ணுங்களோட ஒரு ரூம்ல தங்கிகினு இருந்துச்சு. நான்தான் வேலை கத்துக் குடுத்தேன், ஆறே மாசத்துல என்ன விட நல்லா பாத்துச்சு, அதையும் சொல்லணும்ல. அதுங்கிட்ட ஒரு பழக்கம். ஒவ்வொரு பீஸுக்கும் முன்னாடி அந்த முள்ள டேபிள்ல இருக்கற எர்த் போல்ட்டுமேல ரெண்டு தட்டு, டக் டக்குனு, அப்பாலதான் சென்சார்ல வெக்கும். சேந்த மொத வாரம் கையில சுருக்குனு ஷாக் அடிச்சிருக்கு, அதுலேந்து அப்படி. தட்டறப்போ திரையில குட்டியா ரெண்டு முள்ளு குதிக்கும், அப்புறம் அலை வரும். தூரத்துலேந்து திரைய பாத்தாலே டேபிள்ல யாரு கீறாங்கன்னு தெரிஞ்சிடும்.

"இன்னாம்மா, கதவ தட்டிட்டுதான் உள்ள போவியா?"ன்னு கலாய்ப்பேன்.

"பின்ன, சொல்லாம கொள்ளாம உள்ள போனா மரியாதையாண்ணே?"ன்னு அதும் சிரிக்கும்.

அந்த டப்பா வயசாயி மக்கர் பண்ணும். அஞ்சு பீஸு பாத்தா தொங்கிடும், எல்லாத்தையும் ஆஃப் பண்ணி ஆன் பண்ணணும், பத்து நிமிஷம் போயிடும். அதனால எங்க ரூம்ல ஒரு வேலை நடக்கும் சார். வெளிய சொல்லக்கூடாது, ஆனா எல்லாரும் பண்றதுதான், நான்தான் ஆரம்பிச்சு வெச்சேன். நல்லா வந்த அலை ஒண்ணோட படத்த எடுத்து வெச்சுக்கறது. அவசரம்னா அதையே தொறந்து, சீரியல் நம்பர மட்டும் மாத்தி, சேவ் பண்ணி, பிரிண்ட்டு. பீஸ தொடவே வேணாம். 'பழைய படம் போடறது'ன்னு பேரு. ஜெசிந்தா மட்டும் அத பண்ணவே பண்ணாது. "வேண்டாம்ணே, எவம் வண்டிலயோ போயி மாட்டப் போற சாமான்"னு சொல்லிடும்.

ஒரு சனிக்கிழமை. நாப்பத்தி மூணு பீஸு லாட்டு, கேட்டுல வண்டி வந்து ஹாரன் அடிச்சுகினு நிக்குது, டிஸ்பாட்ச்சுலேந்து போன் மேல போன். டப்பா ரெண்டு தபா தொங்கிடுச்சு. நான் ஜெசிந்தாகிட்ட போயி, "நீ போயி சாப்ட்டு வாம்மா, நான் பாத்துக்கறேன்"னேன். அது என்ன ஒரு மாதிரி பாத்துச்சு, "பாத்துருவீங்கல்லாண்ணே?"ன்னு கேட்டுச்சு. "போம்மா, எனக்கே சொல்லித் தரியா"ன்னு எரிஞ்சு வுழுந்தேன். போயிடுச்சு. இருவத்தஞ்சு நிமிஷத்துல நாப்பத்தி மூணு பிரிண்ட்டு எடுத்து கையில குடுத்து வண்டிய அனுப்பிட்டேன். ஒரு பீஸ கூட டெஸ்ட் பண்ணல. காலையில லாகின் பண்ணது ஜெசிந்தா, அதனால நாப்பத்தி மூணு பேப்பர்லயும் அதோட ஆபரேட்டர் நம்பரு.

நாலாம் நாள் குண்டு வெடிச்சுது. கஸ்டமரோட லைன்ல ஒம்போது பீஸு செத்துப் போயி கீது. நல்ல வேளை வண்டி ரோட்டுக்குப் போவறதுக்கு முன்னாடியே பாத்துட்டான். அவன் ஆளு ஒருத்தன் கில்லாடி, ரெண்டு பிரிண்ட்ட ஒண்ணுமேல ஒண்ணு வெச்சு ட்யூப் லைட்டுக்கு நேரா புடிச்சிருக்கான், அச்சு அசலா ஒண்ணா இருக்குது, அலையில இருக்கற சின்னச் சின்ன நடுக்கம் வரைக்கும். நாப்பத்தி மூணும் அப்படியே. ரெண்டு பீஸுக்கு ஒரே அலை எங்கயாவது வருமா? பழைய படத்த போட்டு போட்டு பழகிப் போன எனக்கு அது தோணவே இல்ல.

மேனேஜர் ரூமுக்கு ரெண்டு பேரையும் கூப்டாரு. ஜெசிந்தா மூடி மறைக்காம சொல்லிச்சு, "நான் சாப்பிடப் போயிருந்தேன் சார், அண்ணந்தான் பாத்தாங்க." அவரு எம்பக்கம் திரும்புனாரு. எனக்கு ரெண்டு பொண்ணுங்க, பெருசு காலேஜு. இதெல்லாம் காரணமான்னு கேட்டா, காரணம் இல்ல, ஆனா அந்த நிமிஷம் அதான் தோணுச்சு. "இல்ல சார், நான் டிஸ்பாட்ச்ல இருந்தேன்"னுட்டேன்.

ஜெசிந்தா சண்டை போடல. என்ன பாத்துகினே நின்னுச்சு. அவ்ளோதான், திங்கக்கெழமையிலேந்து வர வேணாம்னு காண்ட்ராக்டருக்கு ஒரு போனு. இதுல இன்னொண்ணும் கீது. டெஸ்ட் ரிப்போர்ட்டுல கோல்மால் பண்ண பொண்ணுன்னு பேரு ஒட்டிச்சுன்னா, ஒரகடத்துலேந்து ஸ்ரீபெரும்புதூர் வரைக்கும் ஒரு கம்பெனியும் டெஸ்டிங்ல ஒக்கார வெக்காது. கை சுத்தமா வேலை செஞ்ச ஒரே பொண்ணுக்கு அந்தப் பேர நான் வாங்கிக் குடுத்தேன். த்தூ, சொல்றதுக்கே கூசுது.

சரி, விஷயத்துக்கு வரேன். மூணு வாரம் கழிச்சு கஸ்டமர் ஆடிட்டு, வியாழக்கெழமை. மொத நாள் புதங்கெழமை எங்க லைனுக்கு ஷட்டவுன், மெயின்டனன்ஸ் ஆளுங்க மட்டும் ஷெட்டோட அந்தக் கோடியில ஏதோ வெல்டிங் பண்ணிகினு இருந்தாங்க. மேனேஜர் என்ன தனியா கூப்ட்டு, அந்த லாட்டோட ஃபைலு எல்லாத்தையும் கம்ப்யூட்டர்லேந்து எடுத்துடுன்னாரு. மதியம் பன்னெண்டரை இருக்கும். நல்ல வெயிலு, ஜன்னல் வழியா வெளிச்சம் டேபிள்மேல அடிக்குது. ராத்திரி இல்ல, மழை இல்ல, ஒண்ணும் இல்ல. நான் கம்ப்யூட்டர மட்டும் போட்டேன். டப்பாவுக்கு கரண்ட்டே குடுக்கல, அதோட அடாப்டரு சுருட்டி டிராயர்ல கீது, முள்ளும் வயரும் கூட அதே டிராயர்ல. மோட்டார் ஆஃபு. ரூம்ல ஒரு சென்சார் கூட இல்ல.

ஃபோல்டர தொறந்து மொத ஃபைல அழிக்கப் போறேன், திரை பொசுக்குனு கறுப்பாச்சு. தொங்கிடுச்சுன்னு நெனச்சு ஒரு கெட்ட வார்த்த வுட்டேன். அப்புறம் பாத்தா கட்டம் கட்டமா வருது, அலை காட்டற அந்தப் பக்கம் தானா வந்து நிக்குது. பச்சையா ஒரு நேர்கோடு ஓடுது.

ரெண்டு முள்ளு குதிச்சுது.

நம்பினா நம்புங்க, நம்பாட்டி போங்க சார், சின்னதா ரெண்டு முள்ளு, ஜெசிந்தா தட்டற அதே தாளத்துல. அப்புறம் அலை. ஏறி எறங்கி அழகா நின்னுது. ஒரு செகண்டுல படம் புடிச்சுகிச்சு, கீழ சீரியல் நம்பரு, அந்த லாட்டோட மொத பீஸு. கோடு நேராச்சு. ஒரு பீஸ எறக்கி வெச்சுட்டு அடுத்தத எடுக்க இன்னா நேரமாவும், அவ்ளோ நேரம் சும்மா ஓடுச்சு. மறுபடி ரெண்டு முள்ளு. அலை. ரெண்டாவது பீஸு. மூணாவதுக்கு ரெண்டு முள்ளு குதிச்சுது, அலையே வரல, கோடு செத்தாப்ல படுத்துகிச்சு. அதையும் படம் புடிச்சுது.

நான் டப்பாவ பாத்தேன். லைட்டு எரியல. தொட்டுப் பாத்தேன், சில்லுனு கீது. டிராயர தொறந்தேன், வயரு சுருட்டுனது சுருட்டுன மாதிரியே கீது. அப்பவும் டெஸ்டிங்காரன் புத்தி போவல பாருங்க, அலமாரியிலேந்து கஸ்டமர் அனுப்புன கம்ப்ளைன்ட் ஃபைல எடுத்து செத்த பீஸு லிஸ்ட்ட பாத்தேன். மொத நம்பரு மூணு. அடுத்தது எட்டு. திரையில எட்டாவது வர வரைக்கும் நின்னுகினே இருந்தேன். ரெண்டு முள்ளு, அப்புறம் வெறுங்கோடு. எட்டு. பதினாலும் அப்படியே.

பழைய ரீடிங் மெமரியில இருந்துருக்கும்னு நீங்க சொல்லுவீங்க. நானும் அததான் சார் எனக்கு நானே சொல்லிப் பாத்தேன். ஆனா அந்த பீஸுங்கள எங்க ரூம்ல யாருமே டெஸ்ட் பண்ணலையே! பண்ணாத டெஸ்ட்டு எந்த மெமரியில இருக்கும்? பீஸு நாப்பத்தி மூணையும் கஸ்டமர் அப்பவே ஒடச்சு ஸ்கிராப்புல போட்டுட்டான்.

இருவதுல பிரிண்டரும் கத்த ஆரம்பிச்சுது. மொதல்லேந்து ஒவ்வொரு பேப்பரா வந்து தரையில வுழுது. ஒண்ணுக்கொண்ணு வேற வேற அலை, ஒவ்வொண்ணுலயும் ஆபரேட்டர் நம்பரு ஜெசிந்தாவோடதுதான், தேதி மட்டும் அன்னிய தேதி. குனிஞ்சு ஒண்ண எடுத்துப் பாத்தேன். நான் சொல்லித் தந்த நாள்லேந்து ஜெசிந்தா எப்படி எடுக்குமோ அப்படியே, அலை சரியா கட்டத்துக்கு நடுவுல.

இப்பதான் நான் சொல்ல வேண்டியது வருது. நான் பயந்து ஓடியிருந்தா கூட இன்னிக்கு நிம்மதியா இருப்பேன். ஓடல. அங்க நின்னுகினு கணக்கு போட்டேன். இது நாப்பத்தி மூணும் முடிஞ்சா, ஒழுங்கா டெஸ்ட் பண்ணா எப்படி இருந்துருக்கும்னு பேப்பர் ரெடியா கீது. நாளைக்கு ஆடிட்டு. எவனாவது பாத்தான்னா, அந்த பிரிண்ட்டையும் இந்த பிரிண்ட்டையும் பக்கத்துல வெச்சுப் பாத்தான்னா, ஜெசிந்தா கை இப்படி இருக்குது, அப்ப அந்த பழைய படத்த போட்டது யாருன்னு கேப்பான். எனக்கு வந்தது பேய் பயம் இல்ல சார். மாட்டிக்குவோம்ன்ற பயம்.

செவுத்துல மெயின் சுவிட்ச தட்டினேன். லைட்டு, ஃபேனு, பிரிண்டரு எல்லாம் நின்னுது. கம்ப்யூட்டர் நிக்கல, கீழ யூபிஎஸ் கீ கீன்னு கத்துது, திரையில மறுபடி ரெண்டு முள்ளு, அலை, முப்பத்தொண்ணு. அந்த டேபிளுக்குக் கீழ மண்டி போட்டு யூபிஎஸ் வயர புடிச்சு ரெண்டு கையால புடுங்கினேன். திரை சுருங்கி ஒரு புள்ளியாயி அணைஞ்சுது. அந்த பேப்பர் எல்லாத்தையும் பொறுக்கி, கிழிச்சு, கை கழுவற தொட்டியில தண்ணி புடிச்சு ஊற வெச்சு கூழாக்கி குப்பையில கொட்டினேன். அப்பால தெளிவா, நிதானமா கம்ப்யூட்டர போட்டு ஃபோல்டர அழிச்சேன். புதுசா ஒண்ணும் இல்ல அதுல, பழைய நாப்பத்தி மூணு ஃபைலுதான் இருந்துச்சு.

ஆடிட்டு நல்லா போச்சு. ரெக்கார்டு எல்லாம் சுத்தமா கீதுன்னு கஸ்டமர் ஆளு பாராட்டிட்டுப் போனான். மேனேஜர் தோள்ல தட்டினாரு. அந்தத் தட்டு தாங்கல சார். வெள்ளிக்கெழமை காலையில அவர் ரூமுக்குப் போயி, "சார், அந்த லாட்ட பண்ணது நான்தான், ஜெசிந்தா இல்ல"ன்னு சொல்லிட்டேன். அவரு எழுந்து கதவ சாத்திட்டு வந்து, "ஏழுமல, அது க்ளோஸ் ஆன மேட்டரு. நீ பேசினா உன்னோட சேத்து நானும் போவணும். போயி வேலைய பாரு"ன்னாரு. எனக்கு கோவம் வந்துருக்கணும்ல? வரல. அப்பாடான்னு இருந்துச்சு. கடமைய முடிச்சுட்ட மாதிரி டீ குடிக்கப் போயிட்டேன், அவ்ளோ கேவலமானவன் நான்.

இருந்தாலும் மனசு கேக்கல. அந்தப் பொண்ணுகிட்டயாவது நேர்ல சொல்லிடலாம்னு ஞாயித்துக்கெழமை கோயில் முடிஞ்சு வர நேரமா பாத்து இருங்காட்டுக்கோட்டைக்குப் போனேன். மாடி ரூம்பு. கதவு தொறந்து கீது. உள்ள ஜெசிந்தா மட்டும் ஒக்காந்து பையில துணி அடுக்கிகினு இருந்துச்சு. மொகம் வத்திப் போயி கீது. சாயங்காலம் பஸ்ஸு, ஊருக்கே போவுதாம், இங்க எங்க கேட்டாலும் வேலை இல்லன்னுட்டாங்களாம். "வாங்கண்ணே, ஒக்காருங்க"ன்னு ஸ்டூல தள்ளிச்சு. கோவமா மொறச்சிருந்தா கூட எனக்கு சுளுவா இருந்துருக்கும்.

எப்படி ஆரம்பிக்கறதுன்னு நான் யோசிச்சுகினு இருக்கேன். அது துணிய மடிச்சுகிட்டே, தலைய கூட நிமித்தாம கேட்டுச்சு.

"முப்பத்தொண்ணுல ஏண்ணே நிப்பாட்டுனீங்க?"

"இன்னாம்மா?"ன்னேன்.

"புதங்கெழம எனக்கு நல்ல காய்ச்சல். மத்தியானம் படுத்துக் கெடக்கேன், ஒறக்கத்துல ஒரே வேல. பீஸ எடுக்கேன், வெக்கேன், எடுக்கேன், வெக்கேன். கையெல்லாம் கடுத்துப்போச்சு. இன்னும் பன்னெண்டுதான் பாக்கி, முடிச்சிருப்பேன். அதுக்குள்ள நிப்பாட்டிட்டீங்க."

இங்க சொல்லியிருக்கலாம் சார். அதுக்குத்தானே பதினஞ்சு கிலோமீட்டரு வண்டி ஓட்டிகினு போனேன். வாயத் தொறந்தேன். என் வாய் இன்னா சொல்லுச்சு தெரியுமா? "கரண்ட் போயிடுச்சும்மா."

ஒரு செகண்டு கூட யோசிக்கல நான். அது மடிக்கறத நிறுத்திட்டு அப்பதான் என்ன நிமிந்து பாத்துச்சு. மேனேஜர் ரூம்ல பாத்த அதே பார்வை.

"கரண்ட் போனா யூபிஎஸ் இருக்குல்லாண்ணே"ன்னுச்சு. "அத ஏன் புடுங்குனீங்க?"

அந்த ரூம்ல நான் மட்டும்தான் சார் இருந்தேன். ஜன்னல் வெளியில காம்பவுண்ட் செவுருதான் கீது, கேமரா கெடையாது. யார்கிட்டயும் நான் மூச்சு வுடல, என் பொண்டாட்டிகிட்ட கூட.

நான் எழுந்துட்டேன். கீழ ஆட்டோ வந்து நின்னுச்சு. அதோட பைய நான்தான் தூக்கிகினு வந்து ஆட்டோல வெச்சேன், அந்தப் பொண்ணுக்கு நான் செஞ்ச ஒரே ஒதவி அது. ஏறி ஒக்காந்து துப்பட்டாவ உள்ள இழுத்துகினு, கோவமே இல்லாம, ஷிப்ட்டு முடிஞ்சு சார்ஜ் குடுத்துட்டுப் போற மாதிரி சொல்லிச்சு: "அப்ப வாரேண்ணே. மீதிய நீங்க பாத்துருங்க."

அது ஆச்சு ரெண்டு வருஷம். அதோட போன் நம்பரு இப்ப போவறதில்ல, காண்ட்ராக்டர்கிட்ட கேட்டேன், அவனுக்கும் தெரியல. கம்பெனியில நான் இன்னும் அதே டேபிள்லதான் கீறேன். மதியம் சாப்பாட்டு பெல்லு அடிச்சு எல்லாரும் கேன்டீனுக்குப் போனதும், நான் டப்பாவோட வயரு, அடாப்டரு எல்லாத்தையும் கழட்டி டிராயர்ல வெச்சுட்டு, கம்ப்யூட்டர மட்டும் போட்டு, அலை காட்டற பக்கத்த தொறந்து வெச்சு எதிர்ல ஒக்காந்துகினு இருப்பேன். அந்த பன்னெண்டும் வந்தா இந்த தபா ஆஃப் பண்ணமாட்டேன் சார், பிரிண்ட்டு எடுத்து நேரா எம்.டி. டேபிள்ல கொண்டுபோயி வெச்சுடுவேன். பச்சைக் கோடு ஓடிகினே இருக்குது. இது வரைக்கும் ஒண்ணும் வரல.